மேகத்துள் இறங்கும் கலை



ஆகாய விமானம் பறப்பதைக் கண்டு வியவாதார் இலர். அதனினும் வியக்கத்தக்கது ஒன்று உண்டு. தரை தெரியாத மூடுபனியிலும் மழைமேகத்திலும், விமானம் ஓடுபாதையைத் தேடி வந்து சேர்கின்றதே, அதுதான். அக்கலை எத்தகையது, அதனைத் தரையில் அமர்ந்தவாறே பழகுவது எங்ஙனம், அப்பழக்கத்தில் நாம் கருதவேண்டியது யாது என்பனவற்றை இன்று காண்போம்.

மேகத்துள் புகுந்த விமானிக்கு முதற்பகை அவருடைய உடலே. நம் செவிக்குள் அமைந்த சமநிலை உறுப்பு, கண்ணின் துணை இல்லாதபோது பிழைபட உணர்த்தும். விமானம் ஒருபுறம் சாய்ந்து மெல்லத் திரும்பிக்கொண்டிருக்கும். உடலோ, நேரே செல்வதாகவே எண்ணும். அவ்வெண்ணத்தை நம்பி உயிரிழந்தோர் பலர். ஆதலின், உடல் சொல்வதைத் தள்ளிக் கருவி சொல்வதைக் கொள்ளவேண்டும் என்பது இக்கலையின் முதற்பாடம். 1929ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள், அமெரிக்க விமானியான ஜேம்ஸ் டூலிட்டில், நியூயார்க் மாநிலத்து மிச்சல் விமானத்தளத்தில், வெளியே எதுவும் தெரியாதபடி தம் இருக்கையை மூடிக்கொண்டார். கருவிகளை மட்டுமே நோக்கி மேலே எழும்பி, பறந்து, இறங்கியும் காட்டினார்.

இரண்டாம் பாடம் எல்லையை மதிப்பது. இன்று பெரிய விமான நிலையங்களில் ஓடுபாதையை ஒட்டிய கருவிகள் இரு ரேடியோக் கதிர்களை வானில் விடுகின்றன. ஒன்று ஓடுபாதையின் நேர்கோட்டைக் காட்டும்; மற்றொன்று இறங்கவேண்டிய சரிவைக் காட்டும். அச்சரிவு பெரும்பாலும் 3 பாகை. அதாவது, ஒரு கடல்மைல் தூரம் செல்வதற்குள் ஏறத்தாழ 318 அடி இறங்கவேண்டும். இவ்வாறு இறங்கி வரும் விமானத்துக்கு, சாதாரண வகையில், தரைக்கு மேல் 200 அடி என்பது எல்லை. அங்கே ஓடுபாதையோ அதன் விளக்குகளோ கண்ணுக்குப் புலப்பட்டால் தொடர்ந்து இறங்கலாம்; புலப்படாவிடின் உடனே மேலே ஏறிவிடவேண்டும். 'இன்னும் சற்றுப் பார்ப்போம்' என்பதற்கு அங்கு இடமில்லை. ஏறிச் செல்வது தோல்வியுமன்று.

மூன்றாம் பாடம் சொல்லைப் பற்றியது. 1974ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள், வாஷிங்டனை அடுத்த டலஸ் விமான நிலையத்தை நோக்கி ஒரு பயணி விமானம் மேகத்துள் வந்துகொண்டிருந்தது. இறங்குமுறைக்கு அனுமதி என்று கட்டுப்பாட்டு நிலையம் கூறிற்று. உடனே 1800 அடிக்கு இறங்கலாம் என்பதே அதன் பொருள் என விமானிகள் கொண்டனர். அவ்வுயரமோ, நிலையத்தை மேலும் நெருங்கிய பின்னரே பொருந்துவது. கையிலிருந்த படத்தில் வேறு உயரம் குறித்திருந்தது. அதைக் கண்டு அவர்கள் தம்முள் பேசிக்கொண்டனர். ஆனால் நிலையத்தை வினவவில்லை. இடையில் வெதர் மலை நின்றது. விமானத்தில் இருந்த 92 பேரும் மாண்டனர். ஒரு வினா அவர்களைக் காத்திருக்கக்கூடும். அனுமதி பெற்றாலும், வரையறுத்த பாதையில் சேரும்வரை கடைசியாகக் கூறப்பட்ட உயரத்தை விட்டு இறங்கலாகாது என்று பின்னர் விதி தெளிவாக்கப்பட்டது.

இம்மூன்று பாடங்களையும் வானில் மட்டுமே கற்பதெனின், பிழைக்கு விலை உயிராகிவிடும். அமெரிக்காவின் பிங்காம்ட்டன் நகரில் ஆர்கன் இசைக்கருவி செய்தவரின் மகனாகிய எட்வின் லிங்க், அக்கருவிக்குரிய காற்றுத் துருத்திகளைக் கொண்டே, தரையில் நின்று சாயவும் திரும்பவும் வல்ல பயிற்சிப் பொறி ஒன்றை 1929இல் உருவாக்கினார். 1934இல் தபால் சுமந்து சென்ற இராணுவ விமானிகள் பலர் கொடிய வானிலையில் மாண்டனர். அதன்பின்னரே அந்நாட்டு இராணுவம் இப்பொறிகளை வாங்கிற்று. மாணவன் மூடிய பெட்டிக்குள் இருப்பான். ஆசிரியரோ வெளியே மேசையில் அமர்ந்து, அவன் சென்ற வழி படத்தில் மையாற் பதிவதை நோக்கியவாறு, நிலையத்தின் குரலாகவும் பேசுவார்.

இன்று அப்பொறியின் பணியை வீட்டுக் கணிப்பொறியே செய்கின்றது. கட்டுப்பாட்டு அதிகாரியின் குரலையும் மென்பொருளே எழுப்பும். 2001இல் தொடங்கிய வாட்சிம் என்னும் இணைய அமைப்பிலோ, தன்னார்வலர்களே அதிகாரிகளாக அமர்ந்து ஆணையிடுகின்றனர். விமானியாக அமர்ந்தவர் அவ்வாணையைத் திருப்பிச் சொல்லவேண்டும். செவிமடுத்தல், திருப்பிச் சொல்லுதல், ஐயமெழுந்தால் வினவுதல் ஆகிய மூன்றும் அங்கே பழக்கமாகின்றன. எனினும் இவ்வீட்டுப் பயிற்சி மெய்யான விமானக் கல்விக்கு ஈடாகாது.

இப்பயிற்சியில் ஓர் இடர் உண்டு. கணிப்பொறியில் 200 அடியைக் கடந்து கண்மூடி இறங்கினாலும் எவரும் மாள்வதில்லை. விமானம் நொறுங்கினால், ஒரு பொத்தானை அழுத்தி மீண்டும் தொடங்கலாம். ஆகவே, பார்ப்பார் இல்லாதபோது எல்லையை மீறும் பழக்கமும் அங்கேயே வளரக்கூடும். பழக்கம், விளையாட்டு எது, மெய் எது என்று பிரித்தறியாது. நெருக்கடியில், பழகியதையே கை செய்யும். எனவே, மாணவர்களே, இப்பயிற்சியில் இறங்குவீராயின், எல்லையில் ஓடுபாதை தெரியாதபோது மேலே ஏறுங்கள். ஆணை விளங்காதபோது கூசாமல் கேளுங்கள். தவறினாலும் தண்டனை இல்லாத இடத்தில் விதியைக் காப்பவரே, தண்டனை கொடிதாக உள்ள இடத்திலும் காப்பார்.