ஞானஸ்நானமும் பாவமன்னிப்பும்

ஒருவர் கிறிஸ்தவராகும்போது நீரில் மூழ்கியோ, தலையில் நீர் ஊற்றப்பெற்றோ நிறைவேறும் சடங்கைப் புராட்டஸ்டண்ட் சபையார் ஞானஸ்நானம் என்றும் கத்தோலிக்கர் திருமுழுக்கு என்றும் வழங்குகின்றனர். அந்தச் சடங்கில் பாவம் மன்னிக்கப்படுகிறதா, முன்பே பெற்ற மன்னிப்புக்கு அது அடையாளம் மட்டும்தானா என்ற வினா சபைகளை இன்றும் பிரித்து வைத்திருக்கிறது.

பழைய திருச்சபை முதல் விடையையே ஏற்றது. 381ஆம் ஆண்டின் கான்ஸ்டான்டிநோபிள் சங்கத்துக்கு உரியதாகக் கருதப்படும் விசுவாசப் பிரமாணம், அதாவது நம்பிக்கை அறிக்கை, ஞானஸ்நானத்தைப் பாவமன்னிப்போடு சேர்த்தே சொல்கிறது. அதுவரை செய்த பாவமெல்லாம் அந்த நீரில் கழுவப்படும் என்று நம்பியதால் பலர் அதை ஒத்திவைத்த காலம் அது. பேரரசர் கான்ஸ்டன்டைனும் 337இல் நோயுற்று இறுதியை நெருங்கியபோதுதான் ஞானஸ்நானம் பெற்றார். அதன்பின் அரசருக்குரிய ஊதா உடையைத் தொடாமல் வெள்ளாடையிலேயே உயிர்நீத்தார்.

சீர்திருத்தக் காலத்தில் கருத்து பிளந்தது. சூரிச் நகரின் சீர்திருத்தவாதி ஸ்விங்லி 1525இல் எழுதிய நூலில், சுவிஸ் கூட்டமைப்பினர் தம் உடையில் தைத்துக்கொண்ட வெள்ளைச் சிலுவையோடு ஞானஸ்நானத்தை ஒப்பிட்டு, ஒருவர் யாருடைய ஆள் என்று அறிவிக்கும் அடையாளமே என்றார். லூத்தரோ 1529இல் வெளியிட்ட சிறு ஞானோபதேசத்தில், ஞானஸ்நானம் பாவமன்னிப்பைத் தருகிறது என்றும், அதைச் செய்வது வெறும் நீரன்று, நீரோடு சேர்ந்த இறைவார்த்தையும் அதைப் பற்றிக்கொள்ளும் விசுவாசமுமே என்றும் விளக்கினார்.

வழக்கின் மையம் அப்போஸ்தலர் நடபடிகள் 2ஆம் அதிகாரம் 38ஆம் வசனத்தில் ஞானஸ்நானத்தையும் பாவமன்னிப்பையும் இணைத்து வரும் ‘எய்ஸ்’ என்ற சிறிய கிரேக்கச் சொல்லாகும். அமெரிக்காவின் ஓஹையோ பகுதியில் 1827 முதல் பிரசங்கித்த வால்ட்டர் ஸ்காட் போன்றோர், மன்னிப்பைப் ‘பெறும்பொருட்டு’ என்று அதற்குப் பொருள் கொண்டனர். பாப்திஸ்துகள் பலர், யோனாவின் பிரசங்கத்தைக் கேட்டதனால் நினிவே மக்கள் மனந்திரும்பியதைச் சொல்லும் மத்தேயு 12:41இலும் அதே சொல் வருவதைக் காட்டி, மன்னிப்பு ‘கிடைத்ததனால்’ என்று வாசிக்கின்றனர். அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் கொர்நேலியு வீட்டார் ஞானஸ்நானம் பெறுமுன்பே பரிசுத்த ஆவியைப் பெற்றதும் பாப்திஸ்துகளுக்குச் சான்று.

ஆயினும், நீர் தன் ஆற்றலால் மன்னிக்கும் என்று லூத்தர் சொல்லவில்லை. ஞானஸ்நானம் வேண்டாம் என்று பாப்திஸ்துகளும் சொல்லவில்லை. மன்னிப்பவர் கடவுளே என்பதில் இரு தரப்பும் ஒன்றுபடுகின்றன. அந்த மன்னிப்பு மனிதரை எப்போது, எதன் வழியாக வந்தடைகிறது என்பதில்தான் வேறுபடுகின்றன. இதைப் பற்றி வாதிடும் எவரும் அந்த உடன்பாட்டை முதலில் சொல்லிவிட்டு வேறுபாட்டுக்கு வருவதே நேர்மையாகும்.