எறியாத தீ

2009ஆம் ஆண்டு வெளியான ‘லீக் ஒஃப் லெஜண்ட்ஸ்’ என்னுங் கணினிப் போர்விளையாட்டில் ஐவருக்கு ஐவர் எதிர்நிற்பர். அதிலே என் மகன் ஆடுவது ஆனி என்னும் மந்திரக்காரச் சிறுமியாக. நான்கு மந்திரங்களை ஏவிய பின்னர் அவள் எறியுந் தீ, பட்டவனைச் சிறிது நேரம் செயலிழக்கச் செய்யும். தீயுருண்டையால் எதிரணிச் சிற்றாளொருவனைக் கொன்றால், அதற்குச் செலவான மந்திரசக்தி மீளும். ஆயினும் மெல்லிய உடலினள். எதிரி நெருங்கினால் மாண்டாள்!

மகனோ, வினாத்தாளின் முதல் வினாவுக்கே கற்றதனைத்தையுங் கொட்டிவிடும் மாணவனைப் போல, அந்த ஐந்தாந் தீயையுஞ் சிற்றாள்மீதே வீசித் தோற்றுவந்தான். இராவுணவையும் மறுத்த நாள்கள் உண்டு.

ஒரு மாலை, தீ ஆயத்தமாகியும் எறியாதிருந்தான்.

“எறியேன், தம்பி” என்றேன்.

“பொறுங்கள், அப்பா.”

ஆனியைச் சூழ்ந்து சுழன்ற ஒளியைக் கண்ட எதிரி, நெடுநேரம் அணுகவேயில்லை.