சேற்றில் கிடக்கும் ஒளி
(உரை)

  

மின்மினியை அறியாதார் யார்? மின் என்னும் அடியையே அடுக்கி அதற்குப் பெயராக்கினர் நம் முன்னோர். மலாய் மொழியாரும் அதனைக் 'கெலிப்-கெலிப்' என அடுக்கியே வழங்குவர். ஆயினும் பெயரைக் கேட்டவுடன் நெஞ்சில் தோன்றுவது பறக்கும் பூச்சிதான். அதன் இளமைப் பருவமாகிய புழுவைக் கண்டவர் மிகச் சிலரே.

மலேசியாவில் கோலசிலாங்கூரை அடுத்து, சிலாங்கூர் ஆற்றங்கரையில் கம்போங் குவாந்தான் என்னும் சிற்றூர் உளது. அங்குள்ள பெரெம்பாங் மரங்களில் இரவுதோறும் மின்மினிகள் கூடும். ஆண் பூச்சிகள் ஒன்றுபோல் ஒளிர்ந்து ஒன்றுபோல் அணையும். மரமே கண்சிமிட்டுவது போலிருக்கும். படகேறி வருவோர் அண்ணாந்து நோக்கி வியந்து மீள்வர்.

புழுவைத் தேடுவோர் வழி வேறு. அவர் குனிந்து மண்ணை நோக்குவர். ஓதம் வடிந்தபின், நிப்பாவும் சவ்வரிசிப் பனையும் அடர்ந்த ஈரக்கரையில் இறங்குவர். காலைச் சேறு பற்றும், கொசு மொய்க்கும். கைவிளக்கை அணைத்துவிட்டு, கண் இருளுக்குப் பழகும்வரை அசையாது நிற்பர். விளக்கு எரியுமாயின் புழுவின் ஒளி புலப்படாது. நெடும்பொழுது கழித்து, உதிர்ந்த மட்டைகளின் இடையே மங்கிய ஒளி தோன்றும். அது புழுவின் உடற்கடையில் அமைந்த இரு சிறு புள்ளிகளின் ஒளி.

அவ்வொளி துணையை அழைப்பதன்று. 'என்னை உண்ணாதே' எனப் பகைக்கு விடுக்கும் எச்சரிக்கை. உடலிலுள்ள ஒளிப்பொருள் உயிர்வளியோடு கூடுவதால் அது பிறக்கிறது; சுடுவதில்லை. அப்புழுவின் இரையோ சிறு நத்தை. கடித்து நஞ்சூட்டி நத்தையைச் செயலறச் செய்து, அதன் தசையை நீர்மமாக்கி உறிஞ்சும்.

இங்கு ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பறக்கும் மின்மினியின் வாழ்நாள் சில கிழமைகளே; புழுவாய் அது வாழ்வதோ திங்கள் கணக்கில். நாம் மரத்தில் காணும் ஒளியெல்லாம் சேற்றில் வளர்ந்த ஒளியே! கரைமரங்களை நிறுத்திவிட்டு, அவற்றின் பின்னுள்ள நிலத்தை அழித்துச் செம்பனை நட்டால் என்னாகும்? நிழல் போகும், ஈரம் போகும், நத்தை போகும், புழுவும் போகும். மரம் நிற்கும், ஒளி இராது.

மலேசியக் காட்டியல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2006இல் தொடங்கி, இரவில் எடுத்த ஒளிப்படங்களைக் கொண்டு இம் மின்மினிகளைக் கணக்கிட்டனர். 2009இல் சிலாங்கூர் மாநில அரசு அவ்வாற்றங்கரையின் ஒரு பகுதியைக் காப்பிடமாக அறிவித்தது. இவை நற்பணிகளே. ஆயினும் ஒளிப்படத்தில் விழுவது மரத்திலுள்ள பூச்சி மட்டுமே. அடுத்த தலைமுறை உண்டா இல்லையா என்பதைச் சேற்றில் இறங்கித் தேடுபவரே சொல்ல இயலும்.

ஒளியைப் போற்றுவோர் பலர். அது பிறக்கும் மண்ணைப் போற்றுவோர் சிலர். அச் சிலர் பலராகும் நாளில்தான் அவ்வாற்றங்கரை இருளாது நிற்கும்.