ஓட்டமும் உடற்றகைமைச் சோதனையும்

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பது பழமொழி. அதனைச் சொல்லுக்குச் சொல் மெய்யாக்கும் விளையாட்டு ஒன்று உண்டெனில் அது ஜிம்னாஸ்டிக் ஆகும். ஐந்து, ஆறு வயதிலேயே பிள்ளைகள் அதிற் பழகத் தொடங்குகின்றனர். 2021ஆம் ஆண்டில் தோக்கியோவில் நடைபெற்ற ஒலிம்பிக் விழாவில் மில்கா கெஹானி இலங்கையின் முதலாவது ஜிம்னாஸ்டிக் வீராங்கனையாகக் கலந்துகொண்டதை நேயர்கள் அறிவர். இவ்விளையாட்டிற் பழகும் பிள்ளையின் உடல் எவ்வளவு வளைகின்றது என்பதையே பெற்றோர் வியந்து நோக்குவர். அப்பிள்ளை எவ்வாறு ஓடுகின்றது என்பதைக் கவனிப்போர் சிலரே. ஓட்டத்தைப் பற்றிய கருத்தும் இருவேறாக உள்ளது. மூச்சுப் பலத்துக்காக மைதானத்தைப் பத்து முறை சுற்றிவரச் செய்வோர் ஒரு சாரார். தலைகீழாக நிற்கப் பழகும் பிள்ளைக்கு ஓட்டம் எதற்கு என்று கேட்போர் மற்றொரு சாரார்.

இவர்களுள் எவர் கூற்றுப் பொருந்தும் என்பதை அறிய, இவ்விளையாட்டு உடலிடம் எதை வேண்டுகின்றது என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும். தாண்டுமேசைப் போட்டியில் ஓடிவரும் தூரம் 25 மீற்றருக்கு மேற்படலாகாது. அத்தூரத்துக்குள் வேகம் முழுவதையும் திரட்டித் துள்ளுபலகையை மிதிக்க வேண்டும். தேர்ந்த வீராங்கனையர் விநாடிக்கு ஏழு, எட்டு மீற்றர் வேகத்திற் பலகையை அணுகுகின்றனர். அவ்வேகத்தின் ஒரு பகுதியைப் பலகை உயரமாக மாற்றித் தருகின்றது. ஓட்டத்திற் சேராத வேகத்தைப் பின்னர்க் கைகளால் ஈடுசெய்தல் அரிது. தரைப் பயிற்சியும் சமநிலை விட்டப் பயிற்சியுமோ பெண்களுக்கு ஒன்றரை நிமிடத்துள் முடிந்துவிடுகின்றன.

உடல் தனக்கு வேண்டிய சக்தியை மூன்று வழிகளிற் பெறுகின்றது. தசையில் ஆயத்தமாக உள்ள சக்தி, முழுமுயற்சியின்போது ஏறத்தாழப் பத்து விநாடிகளில் தீர்ந்துவிடும். பின்னர், போதிய ஒட்சிசன் இன்றியே குளுக்கோசைப் பயன்படுத்தித் தசை சிறிது நேரம் உழைக்கும். அப்பொழுதுதான் கால் கனத்துக் காந்துகின்றது. நீண்ட நேர உழைப்புக்கே மூச்சுவழி வரும் ஒட்சிசன் முதன்மையாக வேண்டப்படுகின்றது. ஜிம்னாஸ்டிக் பெரும்பாலும் முதலிரு வழிகளையே நம்பியிருக்கும் கலை. ஆதலின் அதற்குரிய ஓட்டம் குறுகிய விரைவோட்டமாகும். பத்து முதல் இருபது மீற்றர் வரையான ஓட்டங்கள் சிலவற்றை, களைப்பு மேலிடுமுன், ஒவ்வொன்றின் பின்னும் நன்கு இளைப்பாறவிட்டுப் பழக்குதல் போதும்.

இங்கே ஒரு குறைபாடு அடிக்கடி காணப்படும். பிள்ளை விரைந்து ஓடிவந்து, பலகை நெருங்கியதும் அடிகளைக் குறுக்கித் தயங்கும். கால்வலி போதாமையே காரணமெனக் கருதி மேலும் ஓடவிடுவது பிழை. அடிகளின் கணக்குத் தவறியதும் அச்சமுமே பெரும்பாலும் காரணமாகும். ஓடத் தொடங்கும் இடத்தை அடியளந்து குறித்துக் கொடுத்து, மேசையைத் தாண்டாமல் வெறுமனே ஓடிப்பழகச் செய்தால் அக்குறை நீங்கும்.

அவ்வாறாயின் நீண்ட ஓட்டம் முற்றிலும் வேண்டாததா? அன்று. மெதுவான ஓட்டம் பயிற்சிக்கு முன் உடலைச் சூடாக்கும். ஒரு முயற்சிக்கும் அடுத்த முயற்சிக்கும் இடையே விரைவில் இளைப்பாறும் ஆற்றலையும் வளர்க்கும். ஆனால் இப்பிள்ளைகள் குதித்து இறங்கும் ஒவ்வொரு முறையும் உடல் நிறையின் பல மடங்கு சுமையைக் கால்கள் தாங்குகின்றன. அதன்மேல் கடினமான தரையிற் கிலோமீற்றர்க் கணக்கில் ஓடவிட்டால், இன்னும் முற்றாத குதிகால் எலும்பும் முழங்காலின் கீழ்ப்பகுதியும் நோகத் தொடங்கும். எட்டு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளை குதிகால் வலிக்கின்றது என்று சொல்லுமாயின், அதனைச் சோம்பலின் சாக்கெனத் தள்ளாது ஓய்வு கொடுத்து மருத்துவரிடம் காட்டுதல் கடன்.

இனி உடற்றகைமைச் சோதனையை நோக்குவோம். இருபது மீற்றர் விரைவோட்டம், நின்றபடி எம்பிக் குதித்தல், கயிறேறுதல், தொங்கியபடி கால்களை உயர்த்துதல், கைகளில் நிற்றல் ஆகியன இவ்விளையாட்டுக்குப் பொருத்தமான சோதனைகள். பாடசாலைகள் பலவற்றிற் கையாளப்படும் இருபது மீற்றர் மீளோட்டச் சோதனை, கனடா நாட்டு அறிஞர் லூக் லெஜே 1982ஆம் ஆண்டில் இணையாசிரியர் ஒருவருடன் வெளியிட்ட முறையிலிருந்து வளர்ந்தது. பிள்ளைகளுக்கென அமைந்த வடிவில், மணிக்கு 8.5 கிலோமீற்றர் வேகத்தில் தொடங்கி, நிமிடத்துக்கு 0.5 கிலோமீற்றராக வேகம் கூடிச் செல்லும். மூச்சின் ஆற்றலை அறிய அது நல்ல கருவி. ஆனால் அதிற் பின்தங்கிய பிள்ளை தாண்டுமேசையில் முன்னிற்றல் கூடும். எந்த அளவுகோல் எதனை அளக்கின்றது என்பதை மறத்தலாகாது.

சோதனையை ஒரே இடத்தில், ஒரே வேளையில், உடலைச் சூடாக்கிய பின்னரே நடத்த வேண்டும். இருமுறை ஓடவிட்டுச் சிறந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளலாம். அந்நேரத்தைப் பிள்ளையின் சென்ற தவணை நேரத்தோடு ஒப்பிடுவதே முறை. ஒரே வகுப்பில் இருக்கும் இருவருள் ஒருத்தி வளர்ச்சியில் ஈராண்டு முந்தியிருத்தல் கூடும். பெண்பிள்ளைகள் பன்னிரண்டு வயதளவிலும் ஆண்பிள்ளைகள் பதினான்கு வயதளவிலும் விரைந்து உயர்கின்றனர். அக்காலத்திற் கைகால்களின் நீளம் மாறுவதால், முன்பு எளிதாயிருந்த பயிற்சி சில மாதங்களுக்குக் கைகூடாமற் போகலாம். எண் குறைந்தமை கண்டு கடிந்துகொள்ளும் பயிற்றுநர் வளர்ச்சியையே குற்றமாக்குகின்றார்.

இக்கடிதல் எத்துணைக் கேட்டினை விளைக்கும் என்பதற்கு வரலாறு சான்று. 1976ஆம் ஆண்டு மொன்றியலில் ருமேனியாவின் நாடியா கொமனேச்சி பதினான்கு வயதில் முழுப் பத்துப் புள்ளி பெற்றதை உலகம் வியந்தது. ஆயினும் சர்வதேசப் போட்டிகளுக்கான குறைந்த வயது 1981இல் பதினைந்தாகவும், 1997இல் பெண்களுக்குப் பதினாறாகவும் உயர்த்தப்பட்டது. 2022ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் வெளியான வைற் அறிக்கை, பிள்ளைகளை ஓயாது நிறுத்துப் பார்த்து இழித்துரைத்தமையையும், காயத்தோடு பயிற்சி செய்வித்தமையையும் வெளிக்கொணர்ந்தது. மறு ஆண்டில் அந்நாட்டுச் சங்கம் பயிற்றுநர்கள் பிள்ளைகளை நிறுத்தலைத் தடைசெய்தது. தண்டனையாக ஓடவிடுதலும் இவ்வழியதே. தண்டனையாக வந்த ஓட்டத்தைப் பிள்ளை ஒருபோதும் விரும்பி ஓடுவதில்லை.

இந்தியாவின் திரிபுரா மாநிலத்து அகர்தலா நகரில் ஆறு வயதளவில் இக்கலையைத் தொடங்கிய தீபா கர்மாகருக்குப் பாதங்கள் தட்டையானவை. ஓடவும் எம்பவும் அது பெருந்தடை. ஒரு நாட் சோதனையைக் கொண்டு அவரை விலக்கியிருந்தால் எவரும் குறைகூறியிருக்க மாட்டார். பயிற்றுநர் விலக்கவில்லை, பொறுமையுடன் அக்குறையை ஈடுசெய்யப் பழக்கினார். 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக் விழாவில், ஓட்டமும் பாதமுமே உயிராகிய தாண்டுமேசைப் போட்டியில், அவர் 15.066 புள்ளிகளுடன் நான்காம் இடம் பெற்றார். வெண்கலப் பதக்கம் 0.150 புள்ளியால் தவறியது.

சோதனைத் தாளில் உள்ள எண், அன்றைய நாளில் அப்பிள்ளை எங்கு நிற்கின்றது என்பதை மட்டுமே கூறும். ஐந்தில் வளைக்கப் புகுவோர், வளைப்பது வளர்கின்ற எலும்பையும் உள்ளத்தையும் என்பதை நினைவிற் கொண்டு, அவ்வெண்ணைக் கையாளுவாராக.