கேட்கிறது, ஆனால் புரியவில்லை



தேக்கா சந்தையில் கடைக்காரர் விலை சொன்னதும், "என்ன, என்ன?" என்று இரண்டு முறை கேட்கிறீர்களா? சந்தை இரைச்சல்தான் காரணம் என்று இருந்துவிடாதீர்கள்.

வயது ஏறும்போது, கூர்மையான ஒலிகளைக் கேட்கும் திறன்தான் பெரும்பாலும் முதலில் குறையும். ஒருவர் பேசுவது கேட்கும். சொல் தெளிவாக விழாது. "காசு" என்றால் "காது" என்று கேட்கும். இது மெல்ல மெல்ல வருவதால், பாதிக்கப்பட்டவருக்கே தெரிவதில்லை. வீட்டில் இருப்பவர்கள்தான் முதலில் கவனிப்பார்கள். தொலைக்காட்சிச் சத்தம் கூடும். தொலைபேசி வந்தால் மற்றவரிடம் நீட்டுவார். விருந்தில் ஒதுங்கி உட்காருவார்.

"அப்பாவுக்கு வயதாகிவிட்டது" என்று விட்டுவிடாதீர்கள். செவித்திறன் குறைபாட்டைக் கவனிக்காவிட்டால் தனிமையும் மனச்சோர்வும் சேரும். முதுமை மறதி நோய்க்கான அபாயமும் கூடுகிறது.

சிங்கப்பூரில் 60 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குக் கண், காது, வாய் மூன்றையும் பரிசோதிக்கும் 'பிராஜெக்ட் சில்வர் ஸ்கிரீன்' 2018 முதல் நாடு முழுவதும் நடைபெறுகிறது. அவரைத் தனியாக அனுப்பாமல் கூடவே செல்லுங்கள்.

காது கேட்கும் கருவி தேவைப்பட்டால், தகுதி பெறுவோருக்கு அரசாங்க மானியம் உண்டு. கருவியைப் போட்ட அன்றே எல்லாம் சரியாகிவிடாது. மூளை பழகச் சில வாரங்கள் ஆகும். முதல் வாரத்திலேயே அலமாரியில் வைத்துவிடாதீர்கள். சரிசெய்ய மீண்டும் செவித்திறன் நிபுணரிடம் கொண்டு செல்லுங்கள். வீட்டில் கத்திப் பேசுவதைவிட, முகம் பார்த்து நிதானமாகப் பேசுவதே உதவும்.

இனி, பேரப்பிள்ளைகள். பிறந்த குழந்தைக்கு மருத்துவமனையிலேயே செவித்திறன் பரிசோதனை செய்வார்கள். வலி இல்லை, குழந்தை தூங்கும்போதே முடிந்துவிடும். மறுபரிசோதனைக்கு வரச் சொன்னால் தவறாமல் செல்லுங்கள். மூன்று மாதத்திற்குள் குறையை உறுதிசெய்து, ஆறு மாதத்திற்குள் சிகிச்சையைத் தொடங்குவதே இலக்கு. குழந்தை மொழி கற்கும் காலம் அது. கருவி போதாத குழந்தைகளுக்கு உட்செவியில் பொருத்தும் காக்லியர் கருவி உண்டு.

பிறந்தபோது தேறிய குழந்தைக்கும் பின்னர் குறை வரலாம். ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லையா? "ஆண் பிள்ளை தாமதமாகத்தான் பேசும்" என்று காத்திருக்க வேண்டாம். காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றவும் வேண்டாம். பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.

எந்த வயதிலும் திடீரென ஒரு காது கேட்காமல் போனால், அன்றே மருத்துவரைப் பாருங்கள். நாள் தள்ளினால் குணமாகும் வாய்ப்பு குறையும்.

இன்று வீட்டுக்குப் போனதும் தொலைக்காட்சிச் சத்தம் எந்த அளவில் இருக்கிறது என்று பாருங்கள். அங்கிருந்து பேச்சைத் தொடங்கலாம்.