சட்டைப் பையில் ஒரு சின்ன பாட்டில்

அமெரிக்க உள்நாட்டுப் போர் மருத்துவம்னு சொன்னதும் நமக்கு ஒரு சினிமா காட்சிதான் ஞாபகம் வரும். சிப்பாய் வாயில தோல் பட்டையைக் கடிச்சுட்டுக் கிடப்பான், நாலு பேர் அமுக்கிப் பிடிப்பாங்க, டாக்டர் ரம்பத்தை எடுப்பார். இன்னைக்கு அதை விட்டுட்டு, அந்தப் போர்ல மூணு தடவை காயம்பட்டவர் ஒருத்தரோட அனுபவத்தைப் பார்ப்போம். ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் ஜூனியர். பின்னாளில் 1902 முதல் 1932 வரை அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர்.

முதல் காயம் 1861 அக்டோபர் 21, பால்ஸ் பிளஃப். வயசு 20. குண்டு நெஞ்சுல பாய்ந்தது. போட்டோமாக் ஆற்றைத் தாண்டித்தான் பின்வாங்கணும், ஆனா படகுகள் ரொம்பக் குறைவு. காயம்பட்டவங்களை எப்படித் தூக்கிட்டுப் போறதுன்னு யாரும் யோசிச்சே வைக்கல. ஹோம்ஸ் மட்டும் தனக்குன்னு ஒரு ஏற்பாடு வச்சிருந்தார். பையில ஒரு சின்ன பாட்டில் லாடனம், அதாவது அபின் கலந்த மருந்து. வலி தாங்க முடியாம போனா குடிச்சு முடிச்சுக்கலாம்னு நினைச்சதை அவரே பிறகு எழுதி வச்சிருக்கார். மருத்துவ வசதி மேல ஒரு சிப்பாய்க்கு எவ்வளவு நம்பிக்கை இருந்ததுன்னு இதுலயே தெரியுது, இல்லையா?

இரண்டாவது 1862 செப்டம்பர் 17, ஆன்டீட்டம். இந்தத் தடவை கழுத்துல. அதுக்குள்ள ஜோனதன் லெட்டர்மேன்னு ஒரு ராணுவ டாக்டர், ஆம்புலன்ஸ் வண்டிகளுக்குன்னே தனியா ஆட்களைப் பழக்கி ஒரு பிரிவு அமைச்சிருந்தார். அதனால வட தரப்புக் காயம்பட்டவங்களை ஏறக்குறைய 24 மணி நேரத்துல களத்துலேருந்து எடுத்துட்டாங்க. அதுக்கு மூணு வாரம் முன்னாடி நடந்த இரண்டாம் புல் ரன் சண்டையில சிலர் நாள் கணக்கா வெட்டவெளியிலயே கிடந்தாங்க. என்னைக் கேட்டா, அந்தப் போர்ல கத்தியை விடப் பெரிய பயம் இந்தக் காத்திருப்புதான்.

மூணாவது 1863 மே மாசம், சான்சலர்ஸ்வில் போர் சமயம். குதிகால்ல அடி. படுத்தபடியே அம்மாவுக்குக் கடிதம் எழுதுறார்: குளோரோஃபார்ம் கொடுத்து எலும்புத் துண்டை எடுத்துட்டாங்க, கால் போகாதுன்னு நினைக்கிறேன்னு. ஆமா, குளோரோஃபார்ம். அந்தப் போர்ல பெரும்பாலான அறுவை சிகிச்சைகள் மயக்க மருந்து கொடுத்துத்தான் நடந்தன. சினிமாக்காரங்களுக்கு இது பிடிக்காது.

இதுல ஒரு விசித்திரம் பாருங்க. அனஸ்தீசியாங்கற பெயரை 1846-ல் பரிந்துரைச்சவர் இவரோட அப்பா, டாக்டர் ஹோம்ஸ். அதே அப்பா 1843-லேயே, பிரசவக் காய்ச்சல் டாக்டர்களோட கை வழியாத்தான் பரவுதுன்னு கட்டுரை எழுதி, சக டாக்டர்கள்கிட்ட திட்டு வாங்கினார். இருபது வருஷம் கழிச்சும் ராணுவ டாக்டர்கள் ஒரே ஸ்பாஞ்சை ஒரே வாளித் தண்ணியில அலசி அடுத்தடுத்த ஆளோட காயத்தைத் துடைச்சிட்டிருந்தாங்க. கிருமி பத்தின அறிவு அப்போ வரலன்னு சொல்லலாம். ஆனா கையைக் கழுவுறதுக்குக் கிருமியோட பேர் தெரிஞ்சிருக்கணும்னு இல்லையே. கத்திக்குத் தப்பிச்சவங்கள்ல நிறைய பேர் சீழ் பிடிச்சுச் செத்தாங்க.

ஹோம்ஸ் அந்தக் காலை எடுத்துடணும்னே வேண்டிக்கிட்டாராம், திரும்பப் போருக்குப் போக வேண்டியிருக்காதேன்னு. கால் ஆறிடுச்சு. 1864 ஆரம்பத்துல திரும்பவும் போனார்.