பொய் கூவாத சோதனை

கணிப்பொறித் திரையிலுள்ள பொத்தான்களை மனிதருக்குப் பதிலாக வேறொரு நிரலே அழுத்திச் சோதிக்கும் முறை உண்டு. அச்சோதனை இன்று வெற்றியும் நாளை காரணமின்றித் தோல்வியும் காட்டுமாயின், "புலி வருகிறது" என்று கூவிய சிறுவனின் கதையாகும். மெய்யான பிழையையும் எவரும் பொருட்படுத்தார்.

"5 நொடி காத்திரு" என்று ஆணையிடுவது முதற்குறை. கணிப்பொறி தாமதித்தால் சாளரம் திறக்குமுன்பே அழுத்தல் நிகழ்ந்துவிடும். "சாளரம் திறக்கும்வரை காத்திரு, 30 நொடி கடந்தால் தோல்வியென அறிவி" என்பதே தக்கது.

பொத்தானை அதன் திரைப்பெயரால் தேடுவது மற்றொரு குறை. 'சேவ்' என்பதை நாம் 'சேமி' என மொழிபெயர்த்த அன்றே சோதனை வழிதவறும். 2006-இல் மைக்ரோசாப்ட் அளித்த யூ.ஐ. ஆட்டோமேஷன் முறையில், மொழி மாறினும் மாறாத அடையாளக்குறியைப் பொத்தானுக்கு இடலாம். அதைக்கொண்டு தேடுதல் நன்று.

தோற்ற சோதனையை வெல்லும்வரை ஓட்டுவது பிழையை மறைப்பதாகும். காரணத்தை நாடுவதே நம் கடமை.